மொத்தம் என்கிற ஊர்

வாருங்கள், வந்து உட்காருங்கள். கதை நீளமா குட்டையா என்று இப்போதே கேட்கிறவர்கள் எழுந்து போய்விடலாம். அப்படிக் கேட்டே கெட்டுப்போகப் பார்த்த ஒரு நாட்டின் கதைதான் இது.

முன்னொரு காலத்தில் நெடுங்கரை நாட்டைத் திடவிரதன் என்றோர் அரசர் ஆண்டுவந்தார். பெயரில்தான் திடம். மனிதருக்கு ஓரிடத்தில் உட்காரப் பொறுமை கிடையாது. நல்லவர், இரக்கக்காரர், கொடுக்கிற கை. ஆனால் யாராவது வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசுவதற்குள் கையை உயர்த்திவிடுவார். “சரி, சரி. ஆக மொத்தம்?” என்பார்.

அவருடைய கல்யாணத்திலேயே புரோகிதரைப் பார்த்து அப்படிக் கேட்டவர் அவர். மகாராணி கண்ணைக் கசக்கிக்கொண்டு எதையோ சொல்ல வந்தபோதும் கேட்டார். அன்றைக்கு அந்தப்புரத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டது போதாதென்று, மறுநாளும் கேட்டார். சிலருக்குப் பட்டாலும் புத்தி வருவதில்லை, என்ன செய்வது!

இப்படிப்பட்ட அரசருக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. குறை சொல்ல வருகிறவர்கள் எல்லாரும் வெளிமண்டபத்தில் அந்த ஆளிடம் சொல்ல வேண்டும். எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம், அழலாம், மண்ணை வாரித் தூற்றலாம். அவர் கேட்டுக்கொண்டு உள்ளே போவார். அரசர் ஒரு வெற்றிலையை வாயில் போடுவார். அது சிவப்பதற்குள், ஒரே மூச்சில், “ஆக மொத்தம்” என்று தொடங்கி அத்தனையையும் அவர் சொல்லி முடிக்க வேண்டும். அரசர் தீர்ப்புச் சொல்வார். அவ்வளவுதான். குறை சொன்னவர் முகத்தை அரசர் பார்ப்பதே இல்லை.

அந்தப் பதவிக்கு மொத்தஞ்சொல்லி என்று பெயர். அடையாளமாக ஒரு சிவப்புத் தலைப்பாகை. அதைக் கட்டிக்கொண்டிருந்தவர் மருதவாணர்.

மருதவாணர் கெட்டிக்காரர். சந்தேகமே வேண்டாம். ஒரு பலாமரத்துக்காக அண்ணனும் தம்பியும் அடித்துக்கொண்டு வந்தார்கள். தாத்தா காலத்திலிருந்து தொடங்கிப் பொழுது சாய்கிறவரை பேசினார்கள். மருதவாணர் உள்ளே போனார். “ஆக மொத்தம், வேர் அண்ணன் வீட்டில், பழம் தம்பி வீட்டில்” என்றார். அரசர் சிரித்துப் பழத்தைப் பாதியாக்கினார்.

ஒரு புலவர் வந்தார். அரசரைப் புகழ்ந்து ஒரு கட்டுச் சுவடி. படிக்கப் படிக்கக் காவலாளிக்கே கால் மரத்துப்போயிற்று. மருதவாணர் உள்ளே போனார். “ஆக மொத்தம், புகழ் தங்களுக்கு, பசி புலவருக்கு” என்றார். புலவருக்கு வயிறார விருந்து கிடைத்தது.

ஊரே அவரை மெச்சியது. மெச்சியதோடு விட்டதா? அந்தச் சொல்லையும் பிடித்துக்கொண்டது. சந்தையில் காய்கறியைக் கட்டிக் கொடுக்கும்போது ஆக மொத்தம். சம்பந்திச் சண்டை முற்றும்போது, ஆக மொத்தம் உங்கள் குடும்பமே சரியில்லை. பெண் பார்க்கப் போனால், மூக்கு அப்படி, முடி இப்படி, ஆக மொத்தம் லட்சணம். சாவு வீட்டில் கூட, பாடை கிளம்புவதற்குள் யாராவது, ஆக மொத்தம் நல்ல மனுஷன் என்று சொல்லி, பாவம், ஒரு முழு ஆயுளை மடித்து இடுப்பில் செருகிவிடுவார்கள். கூட்டிப் பார்க்கவும் அதுதான், சுருக்கிச் சொல்லவும் அதுதான், எதிராளியின் வாயை அடைக்கவும் அதுதான். அதைச் சொல்லிவிட்டால் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்ட மாதிரி. அதற்குமேல் யாரும் பேசக்கூடாது.

மருதவாணருக்கும் உள்ளூரப் பெருமை. நாட்டுக்கே தன் சொல்தான் வாய்ச்சொல்லாயிற்று என்று மீசையைத் தடவிக்கொள்வார். தடவிக்கொள்ளட்டும். மூன்றாவது வழக்கு வந்துகொண்டிருந்தது.

ஐப்பசி மாதம். நெடுங்கரை நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. மழை பொய்த்தாலும் அரசாங்கக் களஞ்சியத்தைத் திறந்து நெல் கொடுப்பார்கள். மழை மிஞ்சிப்போய்ப் பயிரை அழித்தாலும் திறப்பார்கள். மழை சரியாகப் பெய்தால் மாரி விழா எடுத்து, களஞ்சியக் கதவுக்கு முத்திரை வைத்துவிடுவார்கள். வைத்த முத்திரையை அடுத்த ஐப்பசி வரை அரசரே நினைத்தாலும் உடைக்கக்கூடாது.

அந்த ஐப்பசியில் ஒரே நாளில் மூன்று பேர் வெளிமண்டபத்துக்கு வந்தார்கள்.

முதலில் வந்தவள் மேற்கே மேட்டு நிலத்தில் இருக்கிற மேலைக்காட்டுக்காரி, வடிவாச்சி. மாடு கன்று வைத்துப் பயிர் செய்கிறவள். “ஒரு தூத்தல் இல்லீங்க ஐயா. கெணத்துல சேறுதான் மிச்சம். வெதைக்கு வச்ச நெல்லையே குத்தித் தின்னாச்சு. களஞ்சியம் தொறந்தா இருப்போம். இல்லேன்னா ஊரைக் காலி பண்ண வேண்டியதுதான்” என்றாள்.

அடுத்து வந்தவர் கிழக்கே பள்ளத்தில் இருக்கிற கீழைப்பள்ளத்து உழவர் கூத்தன். இடுப்புவரை ஈரம். “எங்க ஊரு எங்கே இருக்குன்னு எனக்கே தெரியலைங்க. எல்லாம் தண்ணி. நட்ட நாத்து அழுகிப்போச்சு. வைக்கோல்போர் மெதந்து போகுது, அது மேல எம் பொண்டாட்டி வளத்த கோழி உக்காந்துக்கிட்டு என்னையே பாக்குது. வெதைநெல் கெடைச்சா மறுபடி நடுவோம். இல்லேன்னா முடிஞ்சுது கதை” என்றார்.

மூன்றாவதாக வந்தவர் நடுவூர் நாட்டாண்மை. அவருக்குக் குறையே இல்லை. “எங்க பக்கம் மழை கச்சிதம்” என்று சொல்லி, சாட்சிக்கு ஒரு பூசணிக்காயையும் மடியில் தூக்கி வந்திருந்தார்.

மருதவாணர் உள்ளே போனார். அரசர் வெற்றிலையைப் போட்டார். “மழை எப்படி? களஞ்சியத்தைத் திறக்கவா, முத்திரை வைக்கவா? சீக்கிரம், சீக்கிரம்.”

ஓர் ஊரில் குறைவு. ஓர் ஊரில் அதிகம். ஓர் ஊரில் சரி. மருதவாணர் மனதுக்குள் கூட்டினார். அதிகத்தைத் தூக்கிக் குறைவில் போட்டார். எல்லாம் சமமாக வந்து நின்றது. அழகாகத்தான் இருந்தது.

“ஆக மொத்தம், நாட்டில் மழை சரியாகப் பெய்திருக்கிறது மகாராஜா!”

வெற்றிலை இன்னும் பச்சை மாறவில்லை. அரசருக்கு ஆனந்தம். “பிரமாதம்! மாரி விழாவுக்குத் தண்டோரா போடுங்கள்!” என்றார்.

மருதவாணர் வெளியே வந்து செய்தியைச் சொன்னதும், நாட்டாண்மை பூசணிக்காயோடு கும்பிட்டார். கூத்தன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். வடிவாச்சி மட்டும் அசையாமல் நின்றாள்.

“எங்க ஊர்ல பெய்யலியே ஐயா?”

“உங்கள் ஊரைப் பற்றி நான் சொல்லவில்லை அம்மா. நாட்டின் மொத்தத்தைச் சொன்னேன். மொத்தத்தில் மழை சரிதான்.”

வடிவாச்சி கிண்டலே இல்லாமல், வழி கேட்கிறவளைப் போலக் கேட்டாள்: “அந்த மொத்தம்ங்கிற ஊரு எங்கே இருக்குங்க? மழை சரியாப் பெய்யுதுங்கிறீங்களே. சொன்னீங்கன்னா அங்கேயே போய்க் குடியேறிடுவோம்.”

மருதவாணர் வாயைத் திறப்பதற்குள் அவள் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து பிடித்தது சனியன். நின்றால் அந்தக் கேள்வி, உட்கார்ந்தால் அந்தக் கேள்வி. தான் சொன்னதில் பொய் ஏதும் உண்டா என்று தேடிப் பார்த்தார். கீழே மிஞ்சியது நிஜம். மேலே இல்லாதது நிஜம். இரண்டையும் கூட்டினால் சரியாக வருவதும் நிஜம். மூன்று நிஜத்தைச் சேர்த்தால் எப்படி ஒரு பெண்பிள்ளை ஊரைவிட்டுப் போக வேண்டிவரும்? தலை சுற்றியது. பேசாமல் அந்த ஊரைத் தேடியே போய்ப் பார்த்துவிடுவோம் என்று குதிரை ஏறினார். கெட்டிக்காரருக்குக் கிறுக்குப் பிடித்தால் இப்படித்தான்.

முதலில் மேற்கே போனார். மேலைக்காட்டில் புழுதிதான் வரவேற்றது. பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. வடிவாச்சி முற்றத்தில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். வந்தவரைப் பார்த்ததும் கட்டின மூட்டையை அவிழ்த்து ஒரு செம்பை எடுத்துத் தண்ணீர் கொண்டுவந்தாள். பாதிச் செம்புகூட இல்லை. வீட்டில் அவ்வளவுதான் இருந்தது என்பது அவருக்குத் தெரிந்தது. அதைக் குடிப்பதா, திருப்பிக் கொடுப்பதா என்று தெரியாமல் செம்பைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றார். இது மொத்தம் என்கிற ஊர் இல்லை.

பிறகு கிழக்கே போனார். குதிரை மறுத்துவிட்டது. பரிசலில்தான் போக முடிந்தது. கூத்தன் கூரைமேல் உட்கார்ந்திருந்தார். “வாங்கய்யா, வந்து உக்காருங்க. கூரையில எடம் இருக்கு” என்று மரியாதையாக அழைத்தார். கோழியும் அங்கேதான் இருந்தது. கண்ணுக்கெட்டியவரை தண்ணீர். ஆனால் கூத்தனின் பிள்ளை தாகம் என்று அழுதது. குடிக்கிற தண்ணீர் எங்கேயும் இல்லை. இதுவும் அந்த ஊர் இல்லை.

கடைசியில் நடுவூர் போனார். இங்கே இருக்கலாம் என்று மனதில் ஒரு ஆசை. பயிர் பச்சைப்பசேல் என்று நின்றது. பூசணி கொடியில் தொங்கியது. ஆனால் மேற்கிலிருந்து ஒரு கூட்டம், கிழக்கிலிருந்து ஒரு கூட்டம், மூட்டை முடிச்சோடு நடுவூர்ச் சாலையில் உட்கார்ந்திருந்தது. நாட்டாண்மை புலம்பினார்: “மழை கச்சிதம்தான். ஆனா நாங்க எத்தனை பேருக்குச் சோறு போட முடியும்? எங்களுக்கே இனி எப்படியோ!”

அதுவும் இல்லை. ஆக, அப்படியோர் ஊரே இல்லை. பிறகு எந்த ஊரைப் பற்றி அரசரிடம் சொல்லிவிட்டு வந்தோம்? போனபோது இருந்த குழப்பம் திரும்பி வந்தபோது இரண்டு பங்காகிவிட்டது.

மாரி விழாவன்று காலையில் மருதவாணர் சாப்பிட உட்கார்ந்தார். அவர் வீட்டு நிலவரத்தை இங்கே சொல்ல வேண்டும். அவருடைய தாயாரும் மனைவி பெருந்தேவியும் ஒரு முறத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். ஒரே அடுப்படி, இரண்டு வாய்ப்பூட்டு. விளைவு இலையில் வந்து விழுந்தது.

குழம்பை வாயில் வைத்தார். உப்பே இல்லை. சரி என்று வாழைக்காய்ப் பொரியலைத் தொட்டார். உப்பு கரித்தது. பொரியலுக்கு மாமியாரும் போட்டிருக்கிறார், மருமகளும் போட்டிருக்கிறாள். குழம்புக்கு அவர் போட்டிருப்பார் என்று இவளும், இவள் போட்டிருப்பாள் என்று அவரும் விட்டுவிட்டார்கள்.

“என்ன சமையல் இது? இதிலே சப்பென்று இருக்கிறது, அதிலே வாயில் வைக்க முடியவில்லை!” என்று கத்தினார்.

பெருந்தேவிக்குத் தன் பிழை தெரிந்துவிட்டது. ஆனால் மாமியார் காதில் விழும்படி ஒத்துக்கொள்வாளா? “ஏங்க, எதுக்கு இப்படிக் குதிக்கிறீங்க? ஆக மொத்தம் உப்பு சரியாத்தானே இருக்கு?” என்றாள்.

அடுப்படிக்குள்ளிருந்து மாமியார் சிரித்த சத்தம் கேட்டது. அவ்வளவு நாள் பேசாத மாமியார்!

மருதவாணர் சிரிக்கவில்லை. கை இலையிலேயே நின்றுவிட்டது. மெதுவாகக் குழம்புச் சோற்றில் பொரியலைப் போட்டுப் பிசைந்து ஒரு வாய் எடுத்தார். உப்பு சரியாக இருந்தது. இன்னொரு வாய். சரியாகத்தான் இருந்தது. மூன்றாவது வாயை எடுத்தவர் அப்படியே கீழே வைத்துவிட்டார்.

“அடக் கடவுளே! சோற்றைப் பிசையலாம். ஊரை எப்படிப் பிசைவேன்?” என்றார்.

பெருந்தேவிக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் தலைப்பாகையைத் தூக்கிக்கொண்டு அரண்மனைக்கு ஓடினார்.

அரண்மனையில் மேளம் கொட்டிக்கொண்டிருந்தது. களஞ்சியக் கதவுக்கு முத்திரை வைக்க அரக்கு உருகிக்கொண்டிருந்தது. சடங்குப்படி அரசர் நாட்டின் நிலையைக் கேட்பார். மொத்தஞ்சொல்லி “ஆக மொத்தம் நலம்” என்பார். உடனே முத்திரை விழும். ஒரே மூச்சில் சொல்லத் தவறினால் தலைப்பாகை பறிபோகும், தவறியவர் தலைநகரை விட்டே நடையைக் கட்ட வேண்டும்.

அரசர் வெற்றிலையை வாயில் போட்டார். “நாட்டின் நிலை, ஆக மொத்தம்?”

மருதவாணர் பேசவில்லை.

“மருதவாணரே, ஆக மொத்தம்?”

பேசவில்லை. வாழ்க்கை முழுவதும் கட்டிக் காத்த பெயர், வீடு, வாசல் எல்லாம் கண்முன் வந்து நின்றன. கூடவே பாதிச் செம்புத் தண்ணீரும் வந்து நின்றது.

“என்ன ஐயா, வெற்றிலை சிவக்கிறது! ஆக மொத்தம்?”

வெற்றிலை சிவந்தே விட்டது. சபை திகைத்தது. மேளக்காரர் அடிப்பதா நிறுத்துவதா என்று தெரியாமல் பாதி அடியில் நின்றார். மருதவாணர் தானே தலைப்பாகையைக் கழற்றி அரசர் காலடியில் வைத்தார்.

“மகாராஜா, இனி நான் மொத்தஞ்சொல்லி இல்லை. குறை சொல்ல வந்த ஒரு சாதாரணக் குடிமகன். என் குறை கொஞ்சம் நீளமானது. அதைச் சுருக்கிச் சொல்ல இப்போது இந்த அரண்மனையில் ஆள் கிடையாது. அதனால் தாங்களேதான் கேட்டாக வேண்டும்.”

அரசர் சுற்றுமுற்றும் பார்த்தார். உண்மைதான், ஆளில்லை. வேறு வழியின்றி அரியணையில் சரியாக உட்கார்ந்தார். பட்டத்துக்கு வந்த நாள்முதல் அவர் அப்படி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

மருதவாணர் சொன்னார். புழுதியைச் சொன்னார், கூரைமேல் கோழியைச் சொன்னார், நடுவூர்ச் சாலையில் உட்கார்ந்திருந்த மூட்டைகளைச் சொன்னார். நடுவில் அரசரின் கை இரண்டு தடவை உயர்ந்தது. அவரே அதைக் கீழே இறக்கிக்கொண்டார். கடைசியில் வாழைக்காய்ப் பொரியலைச் சொன்னதும் அரசர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

“பிறகு என்ன செய்தீர்?”

“பிசைந்து சாப்பிட்டேன் மகாராஜா.”

“உப்பு?”

“சரியாக இருந்தது. ஆனால் கீழைப்பள்ளத்துத் தண்ணீர் மேட்டில் ஏறி மேலைக்காட்டுக்குப் போகாது. அங்கே மிஞ்சினது இங்கே பசியாற்றாது. அவர்கள் இரண்டு பேரையும் என் வாயில் போட்டுப் பிசைந்தேன். சரியாக இருக்கிறது என்று தங்களுக்குச் சொன்னேன். ருசி பார்த்தவன் நான். பட்டினி கிடக்கிறவர்கள் அவர்கள்.”

அரசரின் சிரிப்பு நின்றது. அரக்கு உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது.

“அந்த அரக்கு அடுப்பை அணையுங்கள். அந்த இரண்டு பேரையும் உள்ளே கூப்பிடுங்கள். உள்ளே!” என்றார்.

அதற்குள் நடுவூர்ச் சாலைக் கூட்டத்தில் வந்து சேர்ந்திருந்த வடிவாச்சியையும் கூத்தனையும் அழைத்துவந்தார்கள். அரண்மனை உள்மண்டபத்தில் கால் வைத்த முதல் குறைக்காரர்கள் அவர்கள்தான். அவர்கள் பேசி முடிக்கிறவரை அரசர் கேட்டார். பிறகு கழற்றி வைத்த தலைப்பாகையை எடுத்து மருதவாணர் கையில் கொடுத்தார்.

“இப்போது சொல்லும். இவர்கள் முன்னாலேயே சொல்லும்.”

மருதவாணர் இந்தத் தடவை ஒரே மூச்சில் சொல்லவில்லை. நிறுத்தி நிறுத்திச் சொன்னார். “ஆக மொத்தம், மேலைக்காட்டுக்கு உண்ண நெல். அவர்கள் மாடுகளுக்கு நடுவூர் மேய்ச்சல். கீழைப்பள்ளத்துக்கு, தண்ணீர் வடிந்ததும் விதைநெல். அதுவரை அவர்களுக்கும் உண்ண நெல்.”

சொல்லிவிட்டு வடிவாச்சியைப் பார்த்தார். அவள் உதட்டுக்குள் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

“சரிதானுங்க ஐயா. இப்ப எங்க ஊரு அதுக்குள்ள இருக்கு” என்றாள்.

அன்றே களஞ்சியம் திறந்தது. மேலைக்காட்டை விட்டு முன்னமே போனவர்களில் சிலர் திரும்பினார்கள். சிலர் திரும்பவே இல்லை. எந்தத் திசைக்குப் போனார்கள் என்றுகூடத் தெரியவில்லை. அந்தப் பூட்டிய வீடுகளைக் கடக்கும்போதெல்லாம் மருதவாணர் குதிரையை விட்டு இறங்கி நடந்தே போவார். காரணம் கேட்டால் சொல்லமாட்டார்.

மொத்தஞ்சொல்லி பதவி தொடர்ந்தது. குறை சொன்னவர்கள் உள்ளே வந்து நின்று, மொத்தத்தைக் கேட்டு, அதில் எங்களைக் காணோமே என்று ஒருவர் சொன்னாலும் மறுபடி முதலிலிருந்து கூட்ட வேண்டும் என்பது புது வழக்கம். அரசருக்குப் பாவம், நிறைய வெற்றிலை செலவாயிற்று.

கேட்டவர்களே, இனி உங்களில் யாராவது வாய் ஓயாமல் ஆக மொத்தம் என்ன என்று என்னைக் கேட்பீர்கள், எனக்குத் தெரியும். இதோ சொல்கிறேன், வைத்துக்கொள்ளுங்கள்: மொத்தம் சொல்வது தவறில்லை, அந்த மொத்தத்துக்குள் ஒவ்வொருவரும் இருக்கிறார்களா என்று பார்க்காமல் சொல்வதே தவறு.